வாங்க வராத கேசட்டுகள்

4 ஜூன் 2023, ஞாயிறு, காலை 10.42

மொத்தம் 61 கேசட்டுகள். இரண்டு முறை எண்ணிவிட்டேன். எல்லாமே கல்யாண வீடியோ. பழையது 1991, புதியது 2003. பூஞ்சை பிடித்தவை 14, நாடா அறுந்தவை 3, மீதி பார்க்க நன்றாக இருக்கின்றன.

சர்வீஸ் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. தேதி, நேரம், எண்ணிக்கை, பழுது, செய்த வேலை. கம்பெனியில் யூ.பி.எஸ். பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். சொந்த வேலைக்கும் அப்படியே எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டு.

கேசட்டுகள் மேகலா வீடியோ விஷன் முத்துக்குட்டி அண்ணாச்சியுடையவை. கடையைக் காலி செய்து ஜூஸ் கடைக்கு விடுகிறார். பழைய சரக்கு கேட்டு ஒரு வாரமாக நடையாய் நடந்தேன். இன்று காலையில்தான் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே வெறும் சுவர்.

"சரக்கு பூராவும் பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். இந்த ஒரு பெட்டிதான் கெடக்கு. இது வாங்க வராத கேசட்டு."

"வாங்க வராததுன்னா?"

"படம் புடிச்சோம். மிக்ஸிங் பண்ணோம். பேரு எழுதி ஒட்டி ரெடியா வச்சோம். எவனும் வரல."

"இத்தன வருசமாவா?"

"வரலன்னு சொல்லுதேன்லா. எடுத்துட்டுப் போ. ஆனா நீ மட்டும் பாத்துக்கிடணும். வெளிய காட்டிரக் கூடாது."

"சரி அண்ணாச்சி."

"சரின்னு வாயில சொல்லாதல சேர்மா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பெட்டி கையில் வந்தால் போதும் என்றிருந்தது. தன் கல்யாண வீடியோவையே வாங்க வராத சோம்பேறிகள் 61 பேர். அவர்களுக்காக நான் எதற்கு சத்தியம் பண்ண வேண்டும் என்று புரியவில்லை.

6 ஜூன், செவ்வாய்

காலையில் வங்கிக் கிளை ஒன்றில் பேட்டரி மாற்றினேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்று "முடிஞ்சிருமா, முடிஞ்சிருமா" என்று பதினோரு தடவை கேட்டார். முடிந்தது.

சாயங்காலம் கேசட் ஓட்டும் டெக்கைப் பிரித்தேன். பெல்ட் மாற்றினேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே போட்டால் ஹெட்டும் போய்விடும், அதனால் அந்தப் பதினான்கும் தனி அட்டைப்பெட்டியில்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஊரெல்லாம் இத வித்துத் தொலைக்கு. நீ வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்கு" என்றார்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நான் பிறந்தது 1999 டிசம்பர். நல்லதெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தேன். இன்று எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது, எதிலும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து மிக்ஸிங்கில் இருந்த தைரியம் இன்று எவனுக்கும் கிடையாது. மாப்பிள்ளையைத் தாமரைக்குள் உட்கார வைப்பான். பெண்ணை நிலாவில் ஏற்றுவான். விமானம் ஒன்று தாலியை இழுத்துக்கொண்டு பறக்கும். வெட்கமே இல்லாமல் செய்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கிறது.

11 ஜூன், ஞாயிறு

கேசட் எண் 17. பொக்கிஷம்.

லேபிளில் அண்ணாச்சியின் கையெழுத்து: "செல்வி செண்பகவல்லி திருமணம், 12.2.1996." மாப்பிள்ளை பெயர் எழுதிய இடத்தில் ஈரம் பட்டு மை கரைந்திருக்கிறது.

முதல் முக்கால் மணி நேரத்தை வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தி, பரிசு கொடுக்கும் வரிசை, வழக்கமானவை. ஒரு மணி நேரம் 22ஆவது நிமிடத்தில் வருகிறது. கறுப்புத் திரையில் ஒரு ஆப்பிள் சுற்றி வருகிறது. கத்தி ஒன்று தானாக வந்து ஆப்பிளை இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே விதை இருக்க வேண்டிய இடத்தில் மணப்பெண். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். முகத்தில் அப்பிய பவுடர். ஆப்பிள் பாதியோடு சேர்ந்து அவளும் சுற்றுகிறாள். சுற்றும்போது மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறாள், பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்ப்பதுபோல. கடைசியில் பெண் சிறுத்து, விதையாகி, பறந்துபோய் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் விழுகிறாள்.

மொத்தம் 38 விநாடி. பதினைந்து முறை பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன்.

12 ஜூன், திங்கள்

ஆபீஸில் பொன்மலரிடம் காட்டினேன். அவள் முன்மேசையில் புகார் பதிவு செய்கிறவள். இந்த ஊரில் என் கிறுக்கு புரிகிற ஒரே ஆள். பழைய விளம்பரப் பாட்டெல்லாம் மனப்பாடமாகச் சொல்வாள். நான் பழைய வீடியோ போடும் 'ரீவைண்டு' பக்கத்தில் முதல் லைக் எப்போதும் அவளுடையதுதான்.

சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். இரண்டு போன் அழைப்பு தவறிப்போனது.

"ஐயோ சேர்மா, அந்த உதட்ட பாரேன். கரண்டு பில்லு பாத்த மாதிரி முழிக்கா!"

"போடவா?"

"போடாம? 'ஆப்பிள் அக்கா'ன்னு தலைப்பு வை. பிச்சுக்கிட்டுப் போகும் பாரு."

"அண்ணாச்சிகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"அவரு போனே பட்டன் போனு. அவருக்கு எங்க தெரியப் போவுது?"

தர்க்கம் சரியாக இருந்தது. பிற்பகல் எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் மெயின் ஃபியூஸ் மாற்றினேன்.

13 ஜூன், செவ்வாய்

போட்டாச்சு. மாலை 6.10.

15 ஜூன், வியாழன்

நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இதற்கு முன்பு என் அதிகபட்சம் இரண்டாயிரத்து நூறு. பொன்மலர் எனக்கு ஒரு ஆப்பிள் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி தின்றோம்.

18 ஜூன், ஞாயிறு

மூன்று லட்சம். "இந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். "மாப்ள பாக்கெட்லதான்" என்று ஒருவன் பதில் போட்டிருக்கிறான். அந்தப் பதிலுக்கு மட்டும் ஒன்பதாயிரம் லைக்.

மதுரையில் ஜூலை 16 அன்று பழைய பொருள் ரசிகர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். எனக்கு ஒரு மேசை தருகிறார்களாம். டெக், டி.வி. எல்லாம் கொண்டுவரச் சொல்லி, "ஆப்பிள கண்டிப்பா ஓட்டணும் ப்ரோ" என்றான் போன் செய்தவன்.

இத்தனை வருடமாக என்னைக் குப்பை பொறுக்கி என்று சொன்ன மாமா, தன் நண்பர்களுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "நீதானாமே?" என்றார், அவ்வளவுதான்.

25 ஜூன், ஞாயிறு

பொன்மலர் வீட்டில் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது என்றாள். கம்பெனியில் புகார் பதியாமல் நானே போனேன். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஆறு செல்லுக்கும் ஊற்றினேன். ஒரு டெர்மினலில் பச்சை பூத்திருந்தது, சுரண்டி கிரீஸ் வைத்தேன். வேலை 35 நிமிடம்.

அவளுடைய அப்பா வேன் ஓட்டுகிறவர், சவாரிக்குப் போயிருந்தார். அம்மா கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கிங் வேலை. டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"சீனி போதுமா தம்பி?"

கேட்டுவிட்டு, நான் குடித்துச் சொல்கிறவரை மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"போதும்மா" என்றேன்.

"நல்லா இருக்கா?"

"இருக்கும்மா."

சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ. கீழே தேதி: 9.9.1999. மாப்பிள்ளை பொன்மலரின் அப்பாதான், மீசையோடு. கேசட்டில் தேதி 1996. கேசட் மாப்பிள்ளை உயரம், ஒல்லி, இவர் குட்டை. எனவே இரண்டும் வேறு வேறு. பொன்மலரிடம் பேச்சுவாக்கில் அம்மா பெயர் கேட்டேன். செண்பகம் என்றாள்.

கோவில்பட்டியில் அம்மன் பெயரே செண்பகவல்லி. தெருவுக்கு நாலு செண்பகம் உண்டு. என் வகுப்பிலேயே இரண்டு பேர். இதை ஒரு ஆதாரம் என்று எவனாவது சொன்னால் அவன் படித்தவன் இல்லை. உதட்டை உள்ளே இழுப்பதும் அப்படித்தான், லட்சம் பேர் இழுப்பார்கள்.

டீ நன்றாக இருந்தது.

26 ஜூன், திங்கள்

ஏழு லட்சத்து இருபதாயிரம். வீடியோவைப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. எடுக்கக் காரணம் இல்லை.

2 ஜூலை, ஞாயிறு

ஆட்கள் என் 38 விநாடியை எடுத்து வேறு பாட்டு போட்டுவிட்டார்கள். குத்துப்பாட்டு ஒன்று, சோகப்பாட்டு ஒன்று. கல்லூரிப் பெண்கள் பாதி ஆப்பிளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உதட்டை இழுத்து நடிக்கிறார்கள். ஒரு வீடியோவில் நீலச் சீருடை போட்ட நான்கு பெண்கள். பின்னால் தகர டப்பாக்கள், கடலைமிட்டாய்த் தட்டுகள். நம் ஊர்தான் போல.

பூஞ்சைக் கேசட்டுகளில் இரண்டைக் காப்பாற்றினேன். ஒன்றில் மணமக்கள் கிளிக்கூண்டுக்குள் இருக்கிறார்கள். மதுரைக்கு முன்பு இதையும் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. மனது இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

5 ஜூலை, புதன்

பொன்மலர் மூன்று நாளாக வரவில்லை. போன் எடுக்கவில்லை. முன்மேசையில் நானே உட்கார்ந்து புகார் எழுதினேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் முட்டாள்கள். சுவிட்சைப் போடாமலே பழுது என்று கூப்பிடுகிறார்கள்.

அக்கவுண்ட்ஸில் இருக்கிறவர் சொன்னார்: "அவங்க அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலயாம். வேலைக்கும் போகலயாம்."

என்ன உடம்புக்கு என்று நான் கேட்கவில்லை.

7 ஜூலை, வெள்ளி

வந்தாள். நேராக ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். நான் பழைய பேட்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 23 வரை எண்ணியிருந்தேன்.

"எடு அத."

"எத?"

"என் வாயில வந்துரும் சேர்மா. எடு."

மிட்டாய் கம்பெனியில் நீலச் சீருடைக்காரிகள்தான் முதலில் கண்டுபிடித்தார்களாம். ஒருத்தி வீடியோவை ஓட்ட, இன்னொருத்தி, "ஏ செண்பகக்கா, நீங்க கேள்வி கேட்டுட்டு நிப்பீங்களே, அதே மாதிரி இருக்கு" என்றிருக்கிறாள். விளையாட்டாகத்தான். பொன்மலரின் அம்மா போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சீருடையோடு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். மூன்று கிலோமீட்டர். வந்து கதவைச் சாத்திக்கொண்டவர்தான்.

"அம்மாவுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆனது எங்கப்பாவுக்குத் தெரியுமாம். தெரிஞ்சுதான் கட்டுனாராம். எனக்குத் தெரியாது. எங்கப்பா வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நேத்து சாத்தூர்ல இருந்து அத்த வந்து வாசல்ல நின்னு கத்துது. இருபத்தி நாலு வருசமா எங்கள ஏமாத்திட்டீங்கன்னு. தெருவே பாத்துச்சு."

கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்தேன்.

"நான் என்ன சொன்னேன் தெரியும்ல? கரண்டு பில்லு பாத்த மாதிரி முழிக்கான்னு சொன்னேன். அந்தப் பேர வச்சது நான். எங்கம்மாவுக்கு நான் வச்ச பேர ஊரே கூப்புடுது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு அடையாளம் தெரியல சேர்மா. பெத்த அம்மா. பதினஞ்சு தடவ பாத்தேன், எனக்குத் தெரியல. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

தெரியாதுதான். 1999 போட்டோ இருக்கிறது. தேதி வேறு, மாப்பிள்ளை வேறு.

அவள் கண் முன்னாலேயே அழித்தேன். 11,48,000. அழிக்கும்போது "உறுதியாக நீக்கவா?" என்று கேட்டது. அமுக்கினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தை முன்மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பேட்டரிகளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாகிவிட்டது. 31.

8 ஜூலை, சனி

அழித்ததால் ஒரு பயனும் இல்லை. பிரதிகள் தேடினேன். மதியம் வரை 212 எண்ணினேன், பிறகு நிறுத்திவிட்டேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கூடுகிறது.

அண்ணாச்சியிடம் போனேன். ஜூஸ் கடைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டைல்ஸ் ஒட்டுத பயதான் காட்டுனான். 'அண்ணாச்சி, இந்த ஆப்பிளு செம காமெடி'ன்னு. எங்கிட்டயே காட்டுதான்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"வெளிய காட்டாதன்னு சொன்னேனா இல்லையா?"

"ஏன்னு சொல்லலயே."

"ஏன்னு வேற சொல்லணுமோ?" என்று எழுந்துவிட்டார். "ஏலே, நீ என்னமோ பெரிய படிப்பு படிச்சவன்ங்க. கல்யாண வீடியோவ வாங்க எவனாவது வராம இருப்பானா? மறுநாளே வந்து நிப்பான், 'ரெடியா, ரெடியா'ன்னு. அப்பம்லாம் மிக்ஸிங் முடிக்க நாப்பது நாளு ஆவும். அந்த நாப்பது நாளுக்குள்ள முறிஞ்சு போனதுக பூராவும் அந்தப் பெட்டில கெடக்கு. கெணத்துல விழுந்த பிள்ள ஒண்ணு அதுல கெடக்கு. மாப்பிள லாரில அடிபட்டது ரெண்டு கெடக்கு. இப்பம் வெளங்குதா?"

விளங்கியது. அறுபத்தொரு சோம்பேறிகள் என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். ரிப்போர்ட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பது விதி.

"செண்பகவல்லிக்கு என்ன ஆச்சு?"

"அந்த மாப்பிளைக்கு பம்பாய்ல முன்னாடியே ஒரு குடும்பம். பத்தாம் நாளு பொண்ணோட அப்பன் போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு." டைல்ஸ்காரனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு அது தெரியாது. நான் உள்ள உக்காந்து ஆப்பிள சுத்த விட்டுட்டு இருக்கேன். புது மிஷினு. அந்தப் பிள்ள வந்து பாத்தா சிரிக்கும்னு ரெண்டு நாளு மெனக்கெட்டேன்."

"கேசட்ட எல்லாம் திருப்பிக் கொடுத்துரவா?"

"எங்க வைக்க? இங்கனதான் மிக்ஸி வைக்கப் போறான்."

16 ஜூலை, ஞாயிறு

மதுரை போனேன். போகக் கூடாது என்றுதான் முந்தாநாள்வரை இருந்தேன். ஒப்புக்கொண்டது, போனேன். டெக்கில் வெறும் நீலத்திரையை ஓட விட்டேன். நூறு பேராவது "ஆப்பிள் எங்க ப்ரோ?" என்று கேட்டார்கள். பழுது என்றேன்.

மூன்று மேசை தள்ளி ஒருவன் பனியன் விற்றுக்கொண்டிருந்தான். நெஞ்சில் பாதி ஆப்பிள், உள்ளே உதடு. முகம்கூட இல்லை, உள்ளே இழுத்த மேலுதடு மட்டும். அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

"இது தப்பு. எடுத்துருங்க" என்றேன்.

"ஏன் ப்ரோ, உங்க சொத்தா?" என்றான்.

மதியமே மூட்டை கட்டிவிட்டேன். பஸ்ஸில் டி.வி.யை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை இரண்டும் மரத்துவிட்டது.

23 ஜூலை, ஞாயிறு

காலை பதினொரு மணி. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் பொன்மலரின் அம்மா. தனியாக. கையில் குடை, ஒரு மஞ்சள் பை.

"நீதானப்பா இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துன தம்பி?"

"ஆமாம்மா." செருப்பால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தாலும் சரி என்றும் நினைத்தேன்.

"அந்தக் கேசட்டு ஒங்கிட்டதான இருக்கு?"

"எரிச்சிரலாம்மா. இப்பவே. மண்ணெண்ண இருக்கு."

"யாரு எரிக்கச் சொன்னா? போடு. பாக்கணும்."

"முழுசாவா?"

"முழுசாத்தான். நான் அத பாத்ததே இல்லயே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு லட்சம் பேர் 38 விநாடி பார்த்தார்கள், தன் கல்யாணத்தை அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். படம் ஆடாமல் டிராக்கிங் சரி செய்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையார் படம் வந்தது, பத்திரிகை வந்தது, மண்டப வாசல் வந்தது. "எங்கப்பா" என்றார் ஒரு இடத்தில். "இந்தச் சட்ட நான் எடுத்துக் கொடுத்தது" என்றார்.

பதினான்காவது நிமிடம். மணப்பெண் அறை. ஒருத்தி பின்னால் நின்று பூ வைத்துக்கொண்டே காதில் ஏதோ சொல்கிறாள். பெண் சிரிக்கிறாள். வாயைப் பொத்தப் பார்க்கிறாள், முடியவில்லை. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வைத்த பூ சரிந்து விழுகிறது. பூ வைத்தவள் முதுகில் ஒரு அடி போடுகிறாள். அதற்கும் சிரிக்கிறாள். கேமரா இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். டெக்கில் நிறுத்தினால் படம் நடுங்கும். நடுங்கிக்கொண்டே நின்றது.

"இது நாந்தானா?"

"நீங்கதாம்மா."

"அவ பேச்சியம்மா. என்ன சொன்னான்னு ஞாபகம் வரல பாரு. என்னமோ சொன்னா." நாற்காலியை இழுத்து டி.வி.க்குக் கிட்டத்தில் போட்டுக்கொண்டார். "இம்புட்டு சிரிப்பு சிரிச்சிருக்கேன். இதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துலதான தாலி."

வெகுநேரம் பார்த்தார். நாடா சூடாகும், ஹெட் தேயும், இவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. நான் சொல்லவில்லை.

"ஏம்ப்பா, நீ இத போட்ருக்கலாம்லா? இத ஏன் போடல?"

இதில் எஃபெக்ட் எதுவும் இல்லை. முதல் முக்கால் மணி நேரத்தை நான் பார்க்கவே இல்லை, வேகமாக ஓட்டிவிட்டேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"சரி, ஓட்டு."

ஆப்பிள் வந்தது. பிளந்தது. சுற்றினார். விதையானார். பைக்குள் விழுந்தார். கண் சிமிட்டாமல் பார்த்தார்.

"வீடியோக்காரரு நல்லாத்தான் பண்ணிருக்காரு" என்றார்.

மொத்தம் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்தேன், சூடாக இருந்தது. உறையில் போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். பொன்மலர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"எங்கூட பேச மாட்டேங்கா. நான் மறைச்சேன்னு கோவமா, எனக்கு அந்தப் பேர வச்சோம்னு வெக்கமான்னு தெரியல. சாப்பாட்ட எடுத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிடுதா."

வாசலில் குடையை விரித்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னைக்கு டீ கொடுக்கும்போது என் மொகத்தையே பாத்தியே தம்பி. அப்பமே ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இல்லம்மா."

மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். நான் மாற்றிச் சொல்வேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

"சரிப்பா" என்று இறங்கிப் போனார்.

இருபத்தேழு வருடம் கழித்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மீதி 60.

24 ஜூலை, திங்கள், காலை 7.15

காலையில் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். 25 ஜூன் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒரு டீ குடித்ததற்கு யாராவது போட்டோ தேதி, மாப்பிள்ளை உயரம், வகுப்பில் எத்தனை செண்பகம் என்றெல்லாம் எழுதுவார்களா? பழுது இல்லாத இடத்தில் யாரும் அவ்வளவு சோதனை செய்ய மாட்டார்கள். அன்று ஏழு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றே நீக்கியிருந்தால், அது மிட்டாய் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்கு முன் ஒரு வாரம் இருந்தது.

இனி செய்ய வேண்டியவை:

1. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த 17இன் பிரதியை அழிப்பது. பதினான்காவது நிமிடத்தையும் சேர்த்து. அது எனக்கானது இல்லை.

2. மீதி 60 கேசட்டுகளையும் ஈரம் படாமல் கட்டிப் பரணில் வைப்பது. பெட்டிமேல் என் பெயர், போன் நம்பர். யாராவது வந்தால் கொடுக்க. பார்க்கக் கூடாது.

3. 'ரீவைண்டு' பக்கத்தை மூடுவது.

4. பிரதி போட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதி எடுக்கச் சொல்வது. 212 பேர். இதுவரை எழுதியது 19. எடுத்தவர்கள் 2. திட்டியவர்கள் 11.

5. 25 ஜூன் பக்கத்தைக் கிழிக்காமல், நோட்டோடு பொன்மலர் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா மகள் இருவர் முன்பும் நானே வாசித்துக் காட்டுவது. அன்றே எனக்குத் தெரியும் என்று சொல்வது.

6. வரிசை தப்பு. 5ஐ முதலில் செய்வது. இன்றே, ஆபீஸுக்குப் போவதற்கு முன்.